வட்டார வணிக ஒப்பந்தங்கள்: கூடிய வணிகம் எங்கிருந்து வந்தது?

இரண்டு நாடுகள் வணிக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டுச் சில ஆண்டுகள் கழிந்ததும், அந்த ஒரே ஒப்பந்தத்தைப் பற்றி நேர்மாறான இரண்டு தீர்ப்புகள் வெளிவருவதைப் பார்க்கிறோம். இரு நாட்டு வணிகம் பல மடங்கு பெருகிவிட்டது, ஆகவே ஒப்பந்தம் வெற்றி என்கிறது ஒரு தரப்பு. ஏற்றுமதியைவிட இறக்குமதி வேகமாகக் கூடிப் பற்றாக்குறை வளர்ந்துவிட்டது, ஆகவே நாம் ஏமாந்துவிட்டோம் என்கிறது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் எடுத்துக்காட்டும் எண்கள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால் அந்த எண்களிலிருந்து அந்த முடிவுகளுக்கு வந்துவிட முடியாது. கூடிய வணிகம் எங்கிருந்து வந்தது, ஒப்பந்தத்துக்கு முன்பு அதே சரக்கை யார் விற்றுக்கொண்டிருந்தார்கள், அந்தச் சரக்கு உண்மையில் எந்த நாட்டில் உருவானது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாதவரை, வணிகம் பெருகியது என்ற செய்தியை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல இயலாது. இதைப் புரிந்துகொள்ளப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

பொது விதியும் அதற்குள்ள விலக்கும்

வெளிநாட்டுச் சரக்கு எல்லைக்குள் நுழையும்போது அரசு வாங்கும் வரி சுங்க வரி. எந்த நாட்டுச் சரக்குக்கு எவ்வளவு சுங்க வரி விதிப்பது என்பதை ஒவ்வோர் அரசும் தன் விருப்பப்படி முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. 1947-இல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் (GATT) எனப்படும் சுங்க வரி, வணிகம் பற்றிய பொது உடன்படிக்கை அதற்கு ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஓர் உறுப்பு நாட்டின் சரக்குக்கு வரியைக் குறைத்தால், அதே குறைப்பை மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும் என்பதே அதன் முதல் பிரிவு. இக்கட்டுரையில் இதைச் சம நடத்தை விதி என்று அழைப்போம். 1995-இல் உலக வணிக அமைப்பு உருவான பிறகும் இந்த விதியே அதன் அடித்தளமாகத் தொடர்கிறது.

அதே உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு இந்த விதிக்கு ஒரு விலக்கையும் அளித்தது. சில நாடுகள் தங்களுக்குள் மட்டும் சுங்க வரியை நீக்கிக்கொள்ளலாம். ஆனால் தங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தின் மிகப் பெரும்பகுதிக்கு அந்த நீக்கம் பொருந்த வேண்டும், வெளியே உள்ள நாடுகளுக்கு எதிரான தடைகளை முன்பிருந்ததைவிட உயர்த்தக் கூடாது. வளரும் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு 1979-இல் இந்த நிபந்தனைகள் மேலும் தளர்த்தப்பட்டன. இந்த விலக்கைப் பயன்படுத்தி எழுதப்படுபவைதாம் வட்டார வணிக ஒப்பந்தங்கள். சேரும் நாடுகள் பக்கத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொள்ளும் ஒப்பந்தமும் உலக வணிக அமைப்பின் கணக்கில் இந்த வகையில்தான் சேர்கிறது.

இவற்றில் இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. தடையற்ற வணிக ஒப்பந்தத்தில், உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வரியை நீக்கிக்கொள்கின்றன. வெளிநாடுகளுக்கு எவ்வளவு வரி என்பதை ஒவ்வொன்றும் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறது. சுங்க ஒன்றியத்தில், உள்ளே வரி இல்லாததோடு வெளிநாடுகளுக்கான வரியும் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒன்றாகிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இரண்டாம் வகை. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்திட்டு 2000 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்திய ஒப்பந்தம் முதல் வகை. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், அது எத்தனை சிக்கலை உண்டாக்கியது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இன்று 350-க்கும் மேற்பட்ட இத்தகைய ஒப்பந்தங்கள் நடைமுறையில் உள்ளன. 2016-இல் மங்கோலியா ஜப்பானுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, உலக வணிக அமைப்பின் ஒவ்வோர் உறுப்பு நாடும் குறைந்தது ஓர் ஒப்பந்தத்திலாவது இருக்கும் நிலை உருவானது. விலக்காகத் தொடங்கியது உலக வழக்கமாகிவிட்டது.

வாரச்சந்தையின் சுங்கக் கணக்கு

ஓர் ஊரின் வாரச்சந்தையை எடுத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொரு தக்காளிப் பெட்டிக்கும் ஊராட்சி சுங்கம் வாங்குகிறது. உள்ளூர்ப் பெட்டிக்குச் சுங்கம் இல்லை. மூன்று பேர் விற்க வருகிறார்கள். உள்ளூர் விவசாயிக்கு ஒரு பெட்டி 300 ரூபாய்க்குக் கட்டுப்படியாகும். பக்கத்து ஊர் விவசாயிக்கு 260 ரூபாய். தொலைவில் உள்ள ஊரிலிருந்து வருபவர்தாம் மிகத் திறமையாக விளைவிப்பவர். வண்டிக் கூலி உட்பட அவருக்கு 240 ரூபாய் போதும். வாங்குபவர்கள் விலை குறைந்த பெட்டியையே வாங்குவார்கள் என்று கொள்வோம்.

சுங்கம் பெட்டிக்கு 80 ரூபாயாக இருந்தால், சந்தையில் உள்ளூர்ப் பெட்டி 300, பக்கத்து ஊர்ப் பெட்டி 340, தொலைவூர்ப் பெட்டி 320. உள்ளூர்த் தக்காளியே விற்கும். இப்போது ஊராட்சி பக்கத்து ஊருடன் மட்டும் ஓர் உடன்பாடு செய்து அவ்வூருக்குச் சுங்கத்தை நீக்குகிறது. பக்கத்து ஊர்ப் பெட்டி 260-க்கு இறங்குகிறது. எல்லோரும் அதை வாங்குகிறார்கள். வாங்குபவருக்குப் பெட்டிக்கு 40 ரூபாய் மிச்சம். முன்பு வெளியூர்த் தக்காளியே வராததால் ஊராட்சிக்கு எந்த வருமான இழப்பும் இல்லை. உள்ளூர் விவசாயிக்கு இது வலிக்கும். அவர் வேறு பயிருக்கு மாற வேண்டியிருக்கும், அந்த மாற்றத்துக்குக் காலமும் பணமும் தேவை. அந்த வலியைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். ஆயினும் 300 ரூபாய்ச் செலவில் விளைந்த இடத்தில் 260 ரூபாய்ச் செலவில் விளைந்தது வந்திருக்கிறது. அதிகச் செலவில் உள்நாட்டில் செய்ததை விட்டுக் குறைந்த செலவில் செய்யும் கூட்டாளியிடம் வாங்கத் தொடங்குவதால் பிறக்கும் இவ்வணிகத்தை வணிக உருவாக்கம் என்பார்கள்.

அடுத்து, சுங்கம் தொடக்கத்தில் 50 ரூபாய் என்று கொள்வோம். உள்ளூர்ப் பெட்டி 300, பக்கத்து ஊர் 310, தொலைவூர் 290. தொலைவூர்த் தக்காளியே விற்கிறது. ஊராட்சிக்குப் பெட்டிக்கு 50 ரூபாய் சேர்கிறது. பக்கத்து ஊருக்குச் சுங்கத்தை நீக்கியதும் அவர்கள் பெட்டி 260-க்கு வர, 290-இல் நிற்கும் தொலைவூர் விவசாயி வெளியேறுகிறார். வாங்குபவருக்குப் பெட்டிக்கு 30 ரூபாய் மிச்சம். ஊராட்சிக்குப் பெட்டிக்கு 50 ரூபாய் இழப்பு. ஊராட்சிப் பணமும் ஊராரின் பணம்தான் என்பதால், ஊர் மொத்தத்தில் பெட்டிக்கு 20 ரூபாய் இழந்திருக்கிறது. அந்த 20 ரூபாய் எங்கே போனது? 240 ரூபாய்ச் செலவில் விளைவித்தவரை விட்டு 260 ரூபாய்ச் செலவில் விளைவித்தவரிடம் வாங்குகிறோமே, அந்த வேறுபாடுதான் அது. திறமையான வெளியாரிடமிருந்து திறமை குறைந்த கூட்டாளியிடம் வணிகம் நகர்வதற்கு வணிகத் திசைமாற்றம் என்று பெயர். (விலை 290-இலிருந்து 260-க்கு இறங்குவதால் சிலர் கூடுதலாக வாங்குவார்கள், அந்த அளவுக்கு இழப்பு ஈடுசெய்யப்படும்.)

மூன்றாவதாக, சுங்கம் வெறும் 10 ரூபாய். முன்பு தொலைவூர்ப் பெட்டி 250, பக்கத்து ஊர்ப் பெட்டி 270. சலுகைக்குப் பிறகு பக்கத்து ஊர் 260-க்கு வந்தாலும் தொலைவூர்தான் மலிவு. எதுவும் மாறவில்லை.

இந்த மூன்று கணக்குகளிலும் மாறியது வெளியாருக்கான சுங்கத்தின் அளவு மட்டுமே. அளிக்கப்பட்ட சலுகை ஒன்றேதான், விளைவுகள் மூன்று. முதல் இரண்டிலும் பக்கத்து ஊருடனான வணிகம் பூச்சியத்திலிருந்து முழுச் சந்தை அளவுக்கு உயர்ந்திருக்கிறது என்பதை இங்கே நின்று கவனிக்க வேண்டும். வணிகம் பெருகியது என்ற செய்தி இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றில் ஊர் பெற்றது, மற்றொன்றில் இழந்தது. கனடாவில் பிறந்த பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950-இல் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டும் வரை, ஓரளவு வரிக் குறைப்பு என்றாலும் அது நன்மையே என்ற எண்ணம் அறிஞர்களிடமும் பரவலாக இருந்தது.

சுருக்கமாகச் சொன்னால், ஒப்பந்தத்தால் நாடு அடையும் நன்மை கூட்டாளிக்கு அளிக்கும் சலுகையை மட்டும் பொறுத்ததல்ல. வெளியாருக்கு வரி எவ்வளவு உயரமாக நிற்கிறதோ, அதைப் பொறுத்தே கூட்டாளி தன் இடத்தைத் திறமையால் பெற்றாரா, வரிச் சுவரின் துணையால் பெற்றாரா என்பது முடிவாகும்.

நியூசிலாந்தின் வெண்ணெய்

வணிகத் திசைமாற்றத்துக்குப் பாடநூல்கள் காட்டும் சான்று பிரிட்டனும் நியூசிலாந்தும். ஆண்டு முழுவதும் பசும்புல் வளரும் நியூசிலாந்து, உலகிலேயே குறைந்த செலவில் பால்பொருள் உற்பத்தி செய்யும் நாடுகளில் ஒன்று. 1960-இல் அதன் மொத்த ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்டது பிரிட்டனுக்கே சென்றது. வெண்ணெயும் ஆட்டிறைச்சியும் அதில் முதன்மையானவை. 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அந்தச் சமூகம் சுங்க ஒன்றியம் என்பதால், வெளிநாட்டு வேளாண் பொருட்களுக்கு எதிராக அது எழுப்பியிருந்த உயர்ந்த வரிச் சுவரைப் பிரிட்டனும் ஏற்க வேண்டியதாயிற்று.

உலகின் மறுகோடியிலிருந்து கப்பலில் வந்தும் மலிவாக விற்ற வெண்ணெயின் இடத்தை, அதைவிட அதிகச் செலவில் ஐரோப்பாவில் செய்யப்பட்ட வெண்ணெய் பிடித்தது. நியூசிலாந்துக்கு இடைக்கால ஒதுக்கீடு தரப்பட்டதால் அடி ஒரே நாளில் விழவில்லை, ஆனால் விழுந்தது. தான் கையெழுத்திடாத ஓர் ஒப்பந்தத்துக்காக ஒரு நாடு தன் வணிகம் முழுவதையும் திருத்தி அமைத்துக்கொள்ள நேர்ந்தது. 1983-இல் ஆஸ்திரேலியாவுடன் நெருங்கிய ஒப்பந்தம் செய்துகொண்ட நியூசிலாந்து, 2008-இல் சீனாவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்த முதல் வளர்ந்த நாடு ஆனது.

ஐரோப்பியச் சமூகம் முழுவதும் இழப்பு என்று இதனால் முடிவுகட்டுவது தவறு. தொழிற்சாலைப் பொருட்களில் நடந்தது வேறு. ஜெர்மனியும் பிரான்சும் இத்தாலியும் ஒன்றுக்கொன்று வாகனங்களையும் இயந்திரங்களையும் விற்கத் தொடங்கின. ஒவ்வொரு நாட்டிலும் வரிச் சுவருக்குள் ஒதுங்கியிருந்த செலவு மிகுந்த ஆலைகள் போட்டியால் மாறின அல்லது மூடின. அங்கே வணிக உருவாக்கமே ஓங்கி நின்றது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஒரே ஒப்பந்தம், ஒரு துறையில் உருவாக்கமாகவும் மற்றொரு துறையில் திசைமாற்றமாகவும் இருந்தது.

சரக்கின் பிறப்பிடம்: வனஸ்பதியின் கதை

சுங்க ஒன்றியத்துக்கும் தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இப்போது திரும்புவோம். தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் வெளியாருக்குத் தன் வரியைத் தனியாக வைத்துக்கொள்கிறது. கூட்டாளிகளில் ஒருவரின் வரி குறைவாகவும் மற்றவரின் வரி அதிகமாகவும் இருந்தால் என்ன நடக்கும்? சந்தைக் கணக்கில், தொலைவூர் விவசாயி தன் பெட்டிகளைப் பக்கத்து ஊரில் இறக்கி, அவ்வூர்ப் பெயரை ஒட்டி, சுங்கமின்றி உள்ளே கொண்டுவந்துவிடுவார். வரி குறைந்த கூட்டாளி நாட்டின் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் இத்தகைய வணிகத்தைச் சுற்றுவழி வணிகம் என்று சொல்லலாம்.

இதைத் தடுக்கவே ஒவ்வொரு தடையற்ற வணிக ஒப்பந்தத்திலும் தோற்ற விதிகள் எழுதப்படுகின்றன. ஒரு சரக்கு உண்மையிலேயே கூட்டாளி நாட்டில் உருவானதா என்று தீர்மானிக்கும் அளவுகோல்களே தோற்ற விதிகள். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், சரக்கின் ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 விழுக்காடு மதிப்பு ஏற்றுமதி செய்யும் நாட்டில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இலங்கை ஏற்றுமதியாளர் இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தினால், இரண்டும் சேர்ந்து 35 விழுக்காடு இருந்து, அதில் இலங்கையின் பங்கு 25 விழுக்காடாக இருந்தால் போதும். அத்துடன், உள்ளே போன மூலப்பொருளும் வெளியே வந்த பொருளும் சுங்கப் பட்டியலில் வெவ்வேறு தலைப்புகளில் இருக்க வேண்டும். வெறுமனே பெயர் மாற்றி ஒட்டியதற்குச் சலுகை இல்லை.

விதிகள் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடந்தது வேறு. அக்காலத்தில் இந்தியா பாமாயில் இறக்குமதிக்கு உயர்ந்த வரி விதித்திருந்தது. இலங்கையின் வரி குறைவு. பாமாயிலைக் கெட்டியாக்கிச் செய்யப்படும் வனஸ்பதி, ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரியின்றி வரலாம். ஆகவே மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பாமாயில் இலங்கையில் இறங்கி, அங்கே வனஸ்பதியாக மாறி, இந்தியாவுக்குள் வந்தது. இதற்கென எழுந்த ஆலைகள் பலவற்றில் முதலீடு செய்தவர்களும் இந்தியத் தொழில்முனைவோரே. செம்பிலும் இதேதான் நடந்தது. செம்புத் தாது வெட்டி எடுக்கப்படாத இலங்கை, பழஞ்செம்பை இறக்குமதி செய்து உருக்கி இந்தியாவுக்குச் செம்பு விற்கும் நாடானது.

இந்தச் சூழலில்தான் ஒப்பந்தத்தின் புகழ்பெற்ற எண் பிறந்தது. 1999-இல் சுமார் 5 கோடி டாலராக இருந்த இலங்கையின் இந்திய ஏற்றுமதி, 2005-இல் ஏறத்தாழ 55 கோடி டாலரைத் தொட்டது. தெற்காசியாவில் ஒரு சிறிய நாடு பெரிய அண்டை நாட்டுச் சந்தையில் நுழைந்த வெற்றிக்கதையாக இது பலமுறை எடுத்துரைக்கப்பட்டது. அந்த உயர்வின் பெரும்பங்கு வனஸ்பதியும் செம்பும் என்ற விவரம் அந்தக் கதையில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பாமாயிலுக்கு முழு வரி கட்டி வனஸ்பதி செய்த இந்திய ஆலைகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2006-இல் இலங்கை வனஸ்பதிக்கு ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் டன் என்ற உச்சவரம்பு வந்தது. 2008-இல் இந்தியா கச்சா பாமாயில் மீதான இறக்குமதி வரியையே நீக்கியது. சுற்றி வருவதற்கான காரணம் போனதும் அந்தத் தொழிலும் சாய்ந்தது. வரி வேறுபாட்டால் மட்டும் பிறந்த வணிகம், வரி வேறுபாடு நீங்கியதும் நீங்கியது.

இலங்கைக்கு இந்த ஒப்பந்தத்தால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. காப்பிட்ட மின்கம்பி, கால்நடைத் தீவனம், அழுத்தப்பட்ட மரப்பலகை போன்ற பொருட்கள் இந்தியச் சந்தையில் இடம் பிடித்தன. எண்ணிக்கையில் இவை வனஸ்பதியைப் போலப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் உண்மையான வணிக உருவாக்கத்தை இங்கேதான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

தோற்ற விதிகள் மறுபுறமும் வெட்டும். அவை தளர்ந்திருந்தால் சுற்றுவழி வணிகம் நுழைகிறது. இறுகியிருந்தால் உண்மையான ஏற்றுமதியாளரும் சலுகையைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. இலங்கை ஆயத்த ஆடைகளுக்கு இந்தியா ஆண்டுக்கு 80 இலட்சம் உருப்படிகள் வரை சலுகை அளித்தது. ஆனால் அதில் 60 இலட்சம் உருப்படிகள் இந்தியத் துணியில் தைக்கப்பட்டிருக்க வேண்டும், குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகவே வர வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. உலகம் முழுவதும் ஆடை விற்கும் இலங்கை ஆலைகளுக்கு இந்தச் சிரமம் கட்டுப்படியாகவில்லை; தொடக்க ஆண்டுகளில் அந்த ஒதுக்கீட்டில் மிகச் சிறு பங்கே பயன்பட்டது. நிபந்தனைகள் பின்னர்த் தளர்த்தப்பட்டன.

இலங்கை மிளகு பற்றிய சர்ச்சையும் இந்த இரு முனைகளுக்கும் நடுவில்தான் நிற்கிறது. இலங்கை தரமான மிளகை விளைவிக்கும் நாடு. அதன் மிளகுக்கு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியின்றி இடமுண்டு. வியட்நாம் மிளகு இலங்கையின் பெயரில் வருகிறது என்று குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகள் குற்றஞ்சாட்டினர். 2017 டிசம்பரில் இந்தியா, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகை இறக்குமதி செய்ய முடியாதவாறு தடுத்தது. போலிப் பிறப்பிடத்தைத் தடுக்கப் போட்ட அந்த அணை, இலங்கையில் மெய்யாகவே மிளகு விளைவித்தவரின் வழியையும் சேர்த்தே மறித்தது.

இப்பகுதியிலிருந்து நினைவில் கொள்ள வேண்டியது இதுதான்: ஒப்பந்தத்தின் முகப்பில் இருக்கும் வரி விழுக்காடு பாதிச் செய்தி மட்டுமே. யாருக்கு அந்த விழுக்காடு கிடைக்கும் என்பதைப் பின்பக்கத்தில் உள்ள தோற்ற விதிகளே தீர்மானிக்கின்றன.

பற்றாக்குறை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான வணிகத்தில் இலங்கைக்குப் பெரும் பற்றாக்குறை உண்டு. ஒப்பந்தத்துக்குப் பிறகு அது கூடியது. ஆகவே ஒப்பந்தமே காரணம் என்று கொழும்பில் பலரும் நம்புகிறார்கள். ஆனால் இலங்கை இந்தியாவிலிருந்து வாங்குவதில் ஒரு சிறு பங்குதான் ஒப்பந்தச் சலுகையின் கீழ் வருகிறது. எரிபொருள், முச்சக்கர வண்டிகள் உள்ளிட்ட மோட்டார் வாகனங்கள் போன்ற பெரிய இறக்குமதிகள் அந்தச் சலுகையை நம்பி வந்தவை அல்ல; ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் வந்திருக்கும். மாறாக, இலங்கை இந்தியாவுக்கு விற்றதில் பெரும்பகுதி சலுகையைப் பயன்படுத்தியே நுழைந்தது. பற்றாக்குறை உண்மை, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பிழை.

இரு நாடுகளுக்கிடையிலான பற்றாக்குறையை மட்டும் வைத்து இலாப நட்டம் பார்ப்பதும் பொருந்தாது. ஒரு நாடு ஓர் அண்டை நாட்டிடம் நூலும் துணியும் வாங்கி, ஆடை தைத்து, மூன்றாவது நாட்டுக்கு விற்றால், அண்டை நாட்டுடன் பற்றாக்குறையும் மூன்றாவது நாட்டுடன் உபரியும் தோன்றும். இலங்கையின் ஆடைத் தொழில் நடப்பது ஏறத்தாழ இவ்வாறுதான்.

ஒப்பந்தம் இல்லாதிருந்தால்?

ஒப்பந்தத்தின் விளைவை அளக்க, ஒப்பந்தத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பார்த்தால் போதாது. அந்த இடைவெளியில் மக்கள் வருமானம் கூடியிருக்கும், எண்ணெய் விலை மாறியிருக்கும், புதிய துறைமுகம் வந்திருக்கும். ஒப்பந்தம் இல்லாதிருந்தால் வணிகம் எவ்வளவாக இருந்திருக்கும் என்ற எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்த எண்ணை யாரும் கண்ணால் பார்க்க முடியாது; மதிப்பிடத்தான் முடியும்.

மதிப்பிடப் பொருளியலாளர்கள் பயன்படுத்தும் கருவியின் அடிப்படை எளியது. பெரிய பொருளாதாரங்கள் தங்களுக்குள் அதிகமாக வணிகம் செய்யும். தொலைவு கூடக் கூட வணிகம் குறையும். டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962-இல் இந்த முறையைப் பன்னாட்டு வணிகத்துக்குப் பயன்படுத்தினார். இதைக் கொண்டு எந்த இரு நாடுகளுக்கும் இயல்பாக எதிர்பார்க்கத்தக்க வணிக அளவைக் கணித்து, ஒப்பந்தம் உள்ள நாடுகள் அதைவிட எவ்வளவு மேலே நிற்கின்றன என்று பார்க்கிறார்கள். ஸ்காட் பேயர், ஜெஃப்ரி பெர்க்ஸ்ட்ராண்ட் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு தடையற்ற வணிக ஒப்பந்தம் இரு உறுப்பு நாடுகளுக்கிடையே உள்ள வணிகத்தைப் பத்து ஆண்டுகளில் சராசரியாக ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்று கண்டது. ஒப்பந்தங்களுக்குப் பயனே இல்லை என்போருக்கு இது வலுவான பதில். எனினும் இது கூட்டாளிகளுக்கிடையேயான வணிகம் பற்றிய அளவு. அந்த இரட்டிப்பில் எவ்வளவு உருவாக்கம், எவ்வளவு திசைமாற்றம் என்பதை வெளிநாடுகளுடனான வணிகம் சுருங்கியதா என்று தனியே பார்த்துத்தான் அறிய வேண்டும்.

வெளியே நிற்பவர்கள்

திருப்பூரில் பின்னலாடை செய்யும் எவரிடமும் வணிகத் திசைமாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. அதன் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அதன் விளைவை விலைப்பேச்சில் சந்தித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்திய ஆடைகள் நீண்ட காலமாகச் சுமார் 9 முதல் 12 விழுக்காடு வரை வரி கட்டி நுழைந்தன. மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளுக்கு ஒன்றியம் 2001 முதல் ஒருதலையாக அளித்துவரும் சலுகையால் வங்கதேச ஆடைக்கு வரியே இல்லை. 2011-இல் தோற்ற விதியும் தளர்த்தப்பட்டு, எந்த நாட்டுத் துணியை வாங்கித் தைத்தாலும் வங்கதேச ஆடையாகவே ஏற்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் வியட்நாம் ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, அதன் ஆடைகளுக்கும் வரி படிப்படியாக நீங்கத் தொடங்கியது. ஆயத்த ஆடையில் இலாப விளிம்பு மெல்லியது. திருப்பூர் ஆலை போட்டியாளரைவிடச் சில விழுக்காடு சிக்கனமாகத் தைத்தாலும், அந்தச் சிக்கனத்தை எல்லையில் நிற்கும் வரி விழுங்கிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வியட்நாமுக்கான விதி வங்கதேசத்துக்கு உள்ளதைவிடக் கடுமையானது: துணியும் வியட்நாமிலோ ஒன்றியத்திலோ நெய்யப்பட்டிருக்க வேண்டும், தென் கொரியத் துணிக்கு மட்டும் விலக்கு. ஆகவே அந்த ஒப்பந்தம் ஆடை வணிகத்தை மட்டுமன்றி, வியட்நாம் ஆலைகள் துணியை எங்கே வாங்குகின்றன என்பதையும் சேர்த்தே திருப்புகிறது. ஆடைக்கு எழுதிய விதி, அதற்குச் சில படிகள் முன்னே நிற்கும் நெசவு ஆலை எந்த நாட்டில் எழும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வெளியே நிற்பதன் இழப்பு இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது, வெளியே நிற்பவர்கள் தாங்களும் ஓர் ஒப்பந்தத்தைத் தேடி ஓடுவது இயல்பு. ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் 15 நாடுகள் 2020-இல் கையெழுத்திட்ட பெரிய வட்டார ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தையிலிருந்து 2019 நவம்பரிலேயே விலகிய இந்தியா, அதன் பிறகு ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா ஆகியவற்றுடன் தனித்தனி ஒப்பந்தங்கள் செய்ததும், 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்திட்டதும் இந்த ஓட்டத்தின் பகுதியே. பிரிட்டனுடனான ஒப்பந்தம் இந்திய ஆடைகளுக்கான வரியை நீக்குகிறது.

ஒவ்வொரு புதிய ஒப்பந்தமும் பழைய சலுகைகளின் மதிப்பைத் தேய்க்கிறது. எல்லோரும் 10 விழுக்காடு வரி கட்டும் இடத்தில் ஒருவர் மட்டும் வரியின்றி நுழைந்தால் அவருக்கு 10 விழுக்காடு முன்னுரிமை உண்டு. மற்றவர்களும் வரியின்றி நுழையத் தொடங்கினால் அந்த முன்னுரிமை கரைகிறது. இந்தியாவும் ஆசியான் என்னும் தென்கிழக்காசியக் கூட்டமைப்பின் நாடுகளும் செய்த சரக்கு ஒப்பந்தம் 2010-இல் நடைமுறைக்கு வந்தபோது, இந்தியச் சந்தையில் இலங்கை பத்தாண்டுகள் அனுபவித்த முன்னுரிமையின் ஒரு பகுதி அவ்வாறே கரைந்தது. பிரிட்டனில் இந்திய ஆடைகளுக்கு வரி நீங்கும்போது அங்கே வங்கதேசத்தின் முன்னுரிமைக்கும் அதே நிலைதான். வங்கதேசம் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறும்போது, அந்தப் பட்டியலைச் சார்ந்து கிடைத்த சலுகைகளும் அதன் கையைவிட்டுப் போகும். அதை முன்னறிந்து அந்நாடு 2024-இல் ஜப்பானுடன் தனி ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தையைத் தொடங்கியது.